கிரேவை யாரும் தொடக்கூடாது

‘கிரேவ்’ என்று எழுதியிருந்த குச்சிகளை வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று கிரேஸ் மேரி சொல்லிவிட்டாள்.

"கிரேவ்னா இன்னாங்க? கல்லறை. கல்யாணத்துக்கு ஓடற வண்டியில எதுக்குக் கல்லறைய ஏத்தி வெக்கணும்?"

அவள் புருஷன், வாடகைக் கார் ஓட்டும் இக்னேஷியஸ், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். விடியற்காலையில் கடலூருக்கு ஒரு சவாரி, உச்சி வெயிலில் திருக்கனூருக்கு ஒரு சவாரி போய்விட்டு அப்போதுதான் வில்லியனூர் வந்து சேர்ந்திருந்தார். ஒரு வாய் சோறு தின்றுவிட்டுச் சாய வேண்டும். அதற்குமேல் அவருக்கு இந்த உலகத்திடம் எந்தக் கோரிக்கையும் இல்லை. ஆனால் அவருடைய அம்பாசிடரின் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அது வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் சாய நேரமில்லை.

பெட்டி பிரான்சிலிருந்து வந்தது. கிரேஸ் மேரியின் பெரியப்பா மகன் செபாஸ்டின் அங்கே குடியேறி நெடுநாள் ஆகிறது. லீவில் ஊருக்கு வந்த ஒரு சிநேகிதர் கையில் அவர்தான் அதைக் கொடுத்தனுப்பியிருந்தார். தங்கச்சி மாப்பிள்ளை காரில் மாட்டிக்கொள்ளட்டும் என்று ஒரே ஒரு வாய்ச்சொல், வேறு விவரம் எதுவும் இல்லை. காரில் வைக்கிற டேப்ரிகார்டர், அதன் தலைமேல் ஒட்டிய, சத்தத்தைத் திருத்துகிற ஈக்வலைசர். மேலும் கீழும் நகர ஐந்து சின்னக் குச்சிகள். இடது பக்கத்து இரண்டுக்கும் கீழே ஒரு பெயர், நடுக்குச்சிக்கு ஒரு பெயர், வலது பக்கத்து இரண்டுக்கும் ஒரு பெயர்.

பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தவள் மகள் எலிசா. "கிரேவ், மீடியம், ஐகு" என்றாள்.

"மீடியம்னா?"

"தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் மாதிரிப்பா."

"சரி, ஐகு?"

எலிசா யோசித்துப் பார்த்துவிட்டு, அது பெட்டி செய்தவருடைய பெயராக இருக்கும் என்றாள்.

செபாஸ்டினுக்கு ஜெரோம் என்று ஒரே மகன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது பெரியவர்கள் பேச்சோடு பேச்சாக முடித்துவைத்த சம்பந்தம் அது. அதற்குப் பிறகு நடுவில் கடலும் இத்தனை வருஷமும் வந்துவிட்டன. இப்போது கிறிஸ்துமசுக்குச் செபாஸ்டினும் அவர் மனைவி அந்தோணி மேரியும் வருகிறார்கள். பெண்ணைப் பார்ப்பார்கள், வீட்டைப் பார்ப்பார்கள், பிறகு ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிரேஸ் மேரி வந்த இரண்டு வரன்களைத் தட்டிக்கழித்திருந்தாள்.

எலிசா இதைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை. ஜெரோம் பெயரை யாராவது எடுத்தால் எழுந்து கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவாள். அந்தத் தெருவில் அத்தனை தண்ணீர் குடித்த கோழிகள் வேறு வீட்டில் கிடையாது. இக்னேஷியஸ் தினமும் அந்தத் தண்ணீர்ச் சட்டியைப் பார்ப்பார்.  இது மட்டும் கூடிவராமல் போய்விட்டால் இந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அவருக்குப் பயமாகவே இருந்தது.

ஆகவே சம்பந்தி முதன்முதலாக அனுப்பிய பொருள் சரியாகப் பாடியாக வேண்டும். மீனம்பாக்கத்தில் விமானத்தை விட்டு இறங்கி, இந்தக் காரில் ஏறி, இந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் செபாஸ்டின் ஊர் வந்து சேரப்போகிறார்.

பெட்டியைக் காரில் மாட்டியவர் மூலக்குளத்தில் ரேடியோ கடை வைத்திருக்கும் உலகநாதன். மாட்டும்போதே அவர் ஒரு சங்கதி சொன்னார்.

"இன்னாண்ணே இது, ஒயரெல்லாம் கன்னாபின்னான்னு அறுந்திருக்குது. கட்டர்ல வெட்டுன மாதிரி இல்ல. யாரோ கத்தியால அறுத்திருக்காங்க."

சுங்கக்காரர்கள் சோதனை போட்டிருப்பார்கள் என்று இக்னேஷியஸ் சொன்னார். உலகநாதன் தலையை ஆட்டிவிட்டு ஒயரைச் சேர்த்து முறுக்கினார். உள்ளே ஒரு கேசட் வேறு சிக்கிக்கொண்டிருந்தது. குறடு போட்டும் வெளியே வரவில்லை. இதற்குமேல் இழுத்தால் பெட்டிதான் வரும் என்று அவர் கைவிட்டுவிட்டார்.

சரி, என்னதான் பாடுகிறது பார்ப்போம் என்று போட்டார்கள். ஒரு பெண்பிள்ளை வீரிட்டு அலறினாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் சேர்ந்து தகரத்தை அடித்தார்கள். பாஷை புரியவில்லை.

கிரேஸ் மேரிதான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். "அண்ணன் ஆசையா கேக்கற கேசட்டு. அப்படியே வெச்சி அனுப்பியிருக்காரு. பிரெஞ்சுப் பாட்டு இல்ல? கோயில் பாட்டாத்தான் இருக்கும்."

கோயில் பாட்டு இப்படி இருக்காது என்பது அவளுக்கும் தெரியும். குச்சிகளைச் சரியாக வைத்தால் கோயில் பாட்டாகிவிடும் என்று நம்பினாள். கல்லறைக் குச்சிகளை அடியோடு கீழே இறக்க வைத்துவிட்டுத்தான் இனி யாரும் தொடக்கூடாது என்றாள். பெட்டி செய்தவருக்கு மரியாதையாக அவர் குச்சிகளை மேலே ஏற்றினாள். மீடியத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்காமல் நடுவில் விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்பிள்ளை அலறியதோடு ஒப்பிட்டால் முன்னால் அலறியது தாலாட்டு.

இக்னேஷியசுக்கு ஒரு பழக்கம் உண்டு. இருபது வருஷத்துக்கு மேலாக இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வண்டி ஓட்டியவர் அவர். எந்தத் திருகு இளகினாலும் காது சொல்லிவிடும். வழியில் நின்றது என்ற பேச்சு அவர் வண்டிக்குக் கிடையாது. பெட்டி வந்த பிறகு காது வேறு எதையும் கேட்கவில்லை. பழகினால் படியும் என்று கிரேஸ் மேரி சொல்லிவிட்டதால் சவாரியிலும் அதைப் போட்டாக வேண்டியிருந்தது. செல்லிப்பட்டிலிருந்து ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வேலம்மாள் என்கிற அம்மாள், பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள். தனக்கு வந்தது வயிற்றுவலிதான், இந்த வண்டியில் போனால் தலைவலியையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனாள். அவளைப் பார்த்து இக்னேஷியசுக்குப் பொறாமையாக இருந்தது.

ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் அவர் வண்டி வந்தால் காதைப் பொத்திக்கொண்டு வணக்கம் வைத்தார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்று, இது எப்போது நிற்கும் என்று விசாரித்தார்கள்.

கடைசியில் எலிசாதான் சொன்னாள். பெட்டி பிரான்சுப் பெட்டியென்றால் அதன்மேல் இருப்பதும் பிரெஞ்சாகத்தானே இருக்கும், மரியசுந்தரம் முசேவைக் கேட்டால் என்ன என்றாள்.

பிரெஞ்சு வழக்கப்படி ஐயா என்பதற்குப் பதில் முசே என்று ஊர் கூப்பிட்ட மரியசுந்தரம், பிரெஞ்சுக்காரர் காலத்தில் ‘மேரி’ என்கிற நகரசபை ஆபீசில் எழுதிக்கொண்டிருந்தவர். அந்த ஆபீசும் போய், அந்த அரசாங்கமும் போன பிறகும் தொப்பியைக் கழற்றாதவர். வந்தார். காருக்குள் தலையை விட்டார். மூக்குக் கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தார்.

"யாரு சொன்னது கல்லறைன்னு? இது கிராவ். கனமான கொரல், ஆம்பளக் கொரல். இது ஐகு இல்ல, எகு. கீச்சுக் கொரல். பொம்பளக் கொரல்."

கிரேஸ் மேரி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டு வாரமாகச் செத்தவர்களுக்குப் பயந்துகொண்டு ஆம்பிளையைக் கீழே அமுக்கி, பொம்பிளையை ஏற்றிவிட்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. முசே போன கையோடு எல்லாவற்றையும் தலைகீழாக்கினாள். ஆம்பிளை மேலே, பொம்பிளை கீழே.

அலறல் அடங்கியது உண்மைதான். அதற்குப் பதிலாகப் பின்சீட்டுக்குள் யாரோ உரலில் போட்டு இடிக்கத் தொடங்கினார்கள். டும், டும் என்று ஒவ்வொரு இடிக்கும் கார் முழுசும் கூடவே அதிர்ந்தது. நாலாவது இடியில் இடது பக்கத்துக் கதவின் கண்ணாடி கதவுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

இக்னேஷியஸ் மறுபடியும் மூலக்குளம் போனார். உலகநாதன் கதவைப் பிரித்துக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தி, அது அதிராமல் இருக்கத் தேங்காய் நாரை உள்ளே திணித்தார். கண்ணாடி விழவில்லை. இறங்கவும் இல்லை. நாலு கதவுக்கும் அதே வைத்தியம் நடந்தபின் காருக்குள் காற்று வருவது நின்றுபோனது. பின்சீட்டோரம் மாட்டியிருந்த ஸ்பீக்கர்களைத் தூக்கி டிக்கியில் வைத்தால் அதிர்வு குறையும் என்று அதைத் திறந்தார். இடம் பற்றவில்லை. அங்கே கிடந்த பழைய சாமான்களையெல்லாம் எடுத்துக் கடையோரம் போட்டுவிட்டு ஸ்பீக்கர்களை உட்கார வைத்தார். அந்தப் பழைய சாமான்களில் ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்பானர், ஒரு மாற்று ஃபேன்பெல்ட் ஆகியவை இருந்தன. இக்னேஷியஸ் அதைப் பார்க்கவில்லை. அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

வீட்டில் கிரேஸ் மேரி தன் பங்குக்குப் பெட்டியின் குமிழில் ஒரு மாதா சுரூபத்தைக் கட்டித் தொங்கவிட்டாள். டும் என்கிற ஒவ்வொரு இடிக்கும் அது கிணிங் என்றது.

"விட்டுடு கிரேஸ்" என்றார் இக்னேஷியஸ். "மச்சான் வண்டியில ஏறுனதும் பெட்டிய அமத்திடறேன். ரிப்பேருன்னு சொல்லிக்கலாம்."

"எங்க அண்ணன் ஆசையா அனுப்பன பெட்டிய ஒரு மாசத்துல ரிப்பேர் பண்ணவங்க, அவரு பையன வெச்சி எப்படிக் காப்பாத்துவாங்கன்னு அவரு நெனைக்க மாட்டாரா?"

எலிசா எழுந்து கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். 

கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் கணவனும் மனைவியும் மீனம்பாக்கம் போனார்கள். செபாஸ்டின் இளைத்திருந்தார். காதை மூடுகிற கம்பளித் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, தூக்கத்தைத் தொலைத்து வெகுகாலம் ஆன ஒருவருடைய கண்களோடு வந்தார். அந்தோணி மேரியும் அப்படியேதான் இருந்தாள். பிரயாணக் களைப்பு என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்து, அழுது, பெட்டிகளைக் காரின் தலைமேல் கட்டி முடித்ததும் செபாஸ்டின் முன்சீட்டில் ஏறினார். டேஷ்போர்டின் கீழே பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"மாட்டிட்டியா மாப்ள?"

"மாட்டாம இருப்பேனா மச்சான்?"

தாம்பரம் தாண்டியதும் கிரேஸ் மேரி பின்னாலிருந்து தோளை இடித்தாள். இக்னேஷியஸ் மாதாவை மனசில் நினைத்துக்கொண்டு குமிழைத் திருப்பினார். டும். கிணிங். அந்தப் பெண்பிள்ளை தொடங்கினாள்.

செபாஸ்டின் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கின. கிரேஸ் மேரிக்கும் கலங்கியது, அண்ணனுக்குப் பிடித்த பாட்டு என்று.

"அதே கேசட்டா இது?" என்றார் செபாஸ்டின் மெல்ல.

"அதேதான் மச்சான். நாங்க அத வெளியவே எடுக்கல."

செபாஸ்டின் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.   செங்கல்பட்டு வந்ததும் ஆம்பிளை அதிகமாகிவிட்டதோ என்று இக்னேஷியஸ் இடது பக்கத்தைக் கொஞ்சம் இறக்கினார். பெண்பிள்ளை உடனே மேலே வந்தாள். அவளை இறக்கினார். மீடியம் தனியாக நின்று யாரோ பானைக்குள் பேசுவதுபோல் பேசியது. ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை குச்சியிலுமாக அவர் போய்க்கொண்டிருந்தபோது செபாஸ்டின் மறுபடியும் வாயைத் திறந்தார்.

"தெனமும் இத போடுவியா மாப்ள?"

"தெனமும் மச்சான்." இது பொய்யில்லை.

"கிரேசு கேக்குதா?"

"அவதான் போடச் சொல்லுவா."

"எலிசா?"

இக்னேஷியஸ் ஒரு கணம் தண்ணீர்ச் சட்டியை நினைத்தார். "எலிசாவுக்கு இதுன்னா உசுரு மச்சான்."

"பக்கத்து வூட்டுக்காரங்க சண்டைக்கு வரலியா?"

"வாசல்ல வந்து நின்னு கேப்பாங்க."

செபாஸ்டின் இதை நம்ப முடியாதவர்போல அவரையே பார்த்தார். சொன்னது போதாது, இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இக்னேஷியசுக்குத் தோன்றிவிட்டது. அதுதான் அவர் செய்த வினை.

"சொன்னா நம்ப மாட்டீங்க. இந்தப் பெட்டிச் சத்தம் இல்லாட்டி எங்க வூட்டுல யாருக்கும் தூக்கமே வராது."

செபாஸ்டின் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பின்சீட்டில் அந்தோணி மேரி ஏதோ ஜெபம் சொல்வது கண்ணாடியில் தெரிந்தது.

அச்சிறுபாக்கத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கீச்சு கிளம்பியது. மெல்லிய கீச்சு, நிற்காமல் வந்தது. முசே சொன்ன பொம்பிளைக் குரல் இதுதான் என்று இக்னேஷியஸ் வலது பக்கத்துக் குச்சிகளை அடியோடு இறக்கினார். கீச்சு போகவில்லை. நடுக்குச்சியை இறக்கினார். அப்போதும் போகவில்லை. செபாஸ்டின் நெற்றியைச் சுருக்குவதை ஓரக்கண்ணால் பார்த்தபோது வேர்த்துக் கொட்டியது. கண்ணாடியை இறக்கலாமென்றால் கதவு முழுக்கத் தேங்காய் நார்.

திண்டிவனத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கீச்சை அமுக்க முடியாவிட்டால் அதன்மேல் எதையாவது போட்டு மூடிவிட வேண்டியதுதான். கல்லறைக் குச்சிகள் இரண்டையும் ஏறுகிற மட்டும் ஏற்றினார். அம்பாசிடர் தலையிலிருந்து கால்வரை அதிர்ந்தது. மேலே கட்டியிருந்த பெட்டிகள் அதிர்ந்தன. சாலையோரத்து மாடு ஒன்று எழுந்து நின்றது. கொஞ்ச தூரம் போனதும் கீச்சு நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டது.

இக்னேஷியஸ் பெருமூச்சு விட்டார். இத்தனை நாளில் முதல்முறையாக அந்தப் பெட்டியை ஜெயித்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அறுந்துபோன ஃபேன்பெல்ட் இனிமேல் எப்படிக் கீச்சிடும் என்று, பெட்டி வருவதற்கு முந்தைய இக்னேஷியசாக இருந்தால் கேட்டிருப்பார்.

கிளியனூர் தாண்டி ஒரு ஏரிக்கரையில் பானெட்டைச் சுற்றிப் புகை எழுந்தது. வண்டி இரண்டு தரம் உலுக்கிவிட்டு நின்றது. பானெட்டைத் திறந்து பார்த்தார். அறுந்த பெல்ட் செத்த பாம்பாகக் கிடந்தது. டிக்கியைத் திறந்தார். அங்கே இரண்டு ஸ்பீக்கர்கள் டும் டும் என்று அவரை வரவேற்றன. மாற்று பெல்ட் எங்கே இருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. மூலக்குளத்தில், உலகநாதன் கடையோரத்தில்.

அவ்வழியாக வந்த பஸ்ஸை நிறுத்தி, வில்லியனூர் ஸ்டாண்டுக்குச் சொல்லி ஒரு பெல்ட் அனுப்பும்படி கண்டக்டரிடம் கெஞ்சினார். பஸ் போய்விட்டது. ஏரிக்கரையில் கார், காருக்குள் அந்தப் பெண்பிள்ளை.

பெட்டியை நிறுத்தக் கையை நீட்டினார். கிரேஸ் மேரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டிதான் நின்னுபோச்சி. பெட்டியாவது பாடட்டும். அண்ணன் பாக்கறாரு."

அண்ணன் பார்க்கவில்லை. காரை விட்டு இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஏரிக்கரை மேல் நடந்து போய்க்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு பனைமரத்தடியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தோணி மேரி கார் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தனக்கும் இந்த உலகத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல இருந்தது அவள் முகம்.

"போச்சி" என்றாள் கிரேஸ் மேரி. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இக்னேஷியஸ் மைல்கல்லில் உட்கார்ந்தார். அழக்கூடத் தெம்பில்லை. வீட்டில் எலிசா கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருப்பாள். வாசலில் காரின் சத்தம் கேட்கிறதா என்று நடுநடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் போய் என்ன சொல்வது? ஒரு ஃபேன்பெல்ட்டால் உன் கல்யாணம் நின்றுவிட்டது என்றா?

பெல்ட் அறுந்ததிலிருந்து பேட்டரிக்குப் போக வேண்டிய கரண்ட் போகவில்லை. ஏற்கெனவே அது பழைய பேட்டரி. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் இருந்த பெண்பிள்ளையின் குரல் தளர்ந்தது. முதலில் அவள் ஆம்பிளையானாள். பிறகு கிழவனானாள். பிறகு ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கி வைப்பவன்போல முனகினாள். கடைசியாக ஒரு நீண்ட ஏப்பம் விட்டு அடங்கிப்போனாள். கிரேவ் என்றால் கல்லறை என்று கிரேஸ் மேரி சொன்னது ஒரு வகையில் சரிதான்.

நிசப்தம். ஏரியில் நாரை ஒன்று தண்ணீரைக் கொத்துவது கேட்டது. காற்று கேட்டது. இக்னேஷியஸ் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்தார்.

கண்ணைத் திறந்தபோது செபாஸ்டின் எதிரே நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இக்னேஷியஸ் எழுந்து நின்றார். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

செபாஸ்டின் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, எலிசாவ எங்க ஜெரோமுக்குக் குடு."

கிரேஸ் மேரி அழுகையைப் பாதியில் நிறுத்தினாள்.  இக்னேஷியசுக்குச் சந்தோஷம் முட்டிக்கொண்டு வந்தது, அதன் காலைப் பிடித்துக்கொண்டு துக்கமும் வந்தது. ஒரே பெண். நினைத்தபோது போய்ப் பார்க்கிற தூரமா அது? யார் அந்தக் கோழிகளுக்குத் தண்ணீர் வைப்பார்கள்?

"குடுக்கறேன் மச்சான். எங்களுக்கு அதவிட வேற இன்னா வேணும்? ஆனா அவ்ளோ தூரம் அனுப்பிட்டு..." என்று இழுத்தார்.

"அவ எங்கயும் போவ வேணாம் மாப்ள" என்றார் செபாஸ்டின் அவசரமாக. "ஜெரோம் இங்க வந்து உன் வூட்டோட இருந்துக்குவான். எங்களுக்குச் சம்மதம்."

இக்னேஷியசுக்கு நம்ப முடியவில்லை. பிரான்சை விட்டு வில்லியனூருக்கா? ஒரே பையனை யாராவது இப்படித் தாரை வார்ப்பார்களா? இந்த நல்ல மனுஷருக்கா இவ்வளவு நாளாகப் பயந்துகொண்டிருந்தோம் என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. செய்த தப்பைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"மச்சான், எங்கள மன்னிச்சிக்குங்க. நீங்க அவ்ளோ ஆசையா அனுப்பன பெட்டி. அத ஒரு நாள்கூட எங்களால ஒழுங்கா பாட வெக்க முடியல."

செபாஸ்டின் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார். கார் நிழலில் அந்தோணி மேரி கடலைத் தோலை மடியிலிருந்து உதறிவிட்டு எழுந்தாள்.

"அது ஜெரோம் பெட்டிண்ணே, அவன் போடற சத்தம் தாங்காம இவரு ஒயர கத்தியால அறுத்து அனுப்பனது, அது இல்லாட்டி தூக்கம் வராத வூடு ஒண்ணு இருக்குதுன்னு இன்னிக்கு நீங்க சொல்லித்தான் தெரிஞ்சிது, அவங்கிட்ட இன்னும் இருக்கற நாலு பாட்டுப் பெட்டியையும் அவனே எடுத்துக்கினு வந்துருவான்."